மூளைக் குழப்பத்துக்குப் பேதி மருந்தா?

கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களின் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். பகலெல்லாம் தூங்கி வழிகிறார். இரவில் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிறார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பேங்க்கிலிருந்து செக் திரும்பி வருகிறது. அதிர்ந்து பேசாத மனிதர், காபியில் சர்க்கரை குறைந்ததற்காக டம்ளரை வீசுகிறார். ‘வயசாயிடுச்சு’ என்கிறார் மகன். ‘திரும்பவும் குடிக்க ஆரம்பிச்சிட்டாரோ’ என்று மனைவிக்குச் சந்தேகம்.

டாக்டர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, டிராஃபிக் போலீஸ் வண்டியை நிறுத்துவதுபோல் உள்ளங்கையைக் காட்டச் சொல்கிறார். பறவை இறக்கையை அடிப்பதுபோல் கைகள் படபடக்கின்றன. ‘கல்லீரல் பிரச்னை மூளையைப் பாதித்திருக்கிறது’ என்று சொல்லிவிட்டு, அவர் எழுதிக் கொடுப்பது லாக்டுலோஸ் சிரப். மலச்சிக்கல் என்றால் குழந்தைகளுக்குக்கூடக் கொடுப்பார்களே, அதே சிரப்!

மூளைக்குப் பேதி மருந்தா? இந்தச் சந்தேகத்துக்கான பதில், மூளையில் நெடுங்காலம் யாரும் மதிக்காத ஒரு செல்லிடம் இருக்கிறது.

மூளை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது நியூரான் எனும் நரம்புச் செல். அதைச் சுற்றி இருக்கும் மற்ற செல்களுக்கு 1850களில் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ வைத்த பெயர் ‘க்ளியா’. கிரேக்க மொழியில் அதற்குப் பசை என்று பொருள். நியூரான்களை ஒட்டிப் பிடித்து வைத்திருக்கும் பசை, அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். நியூரான்களைவிட இவை பத்து மடங்கு அதிகம் என்றொரு கணக்கும் பாடப் புத்தகங்களில் வெகுகாலம் ஓடியது. மனித மூளையைக் கரைசலாக்கி, செல்களின் உட்கருக்களை எண்ணிப் பார்த்த பிரேசில் ஆய்வாளர்கள் 2009இல் அதைத் திருத்தினார்கள். நியூரான்கள் சுமார் 8,600 கோடி, மற்ற செல்களும் கிட்டத்தட்ட அதே அளவு. எண்ணிக்கையில் பத்து மடங்கு இல்லை; வேலையில்தான் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள்.

அந்த மற்ற செல்களில் நட்சத்திர வடிவில் கிளை பரப்பி நிற்பது ஆஸ்ட்ரோசைட். அது என்ன செய்கிறது என்று பார்க்க, முதலில் குளுட்டமேட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு நியூரான் அடுத்த நியூரானைத் தட்டி எழுப்பப் பெரும்பாலும் பயன்படுத்தும் ரசாயனத் தூதர் குளுட்டமேட். இரண்டுக்கும் நடுவே இருக்கும் நூலிழையைவிட மெல்லிய இடைவெளியில் அதைக் கொட்டுகிறது. அடுத்த நியூரான் விழித்துக்கொள்கிறது. படிப்பது, நினைவில் வைப்பது, கையைத் தூக்குவது எல்லாம் இப்படித்தான். ஆனால், வேலை முடிந்த குளுட்டமேட் அங்கேயே கிடந்தால் ஆபத்து. ஓயாமல் தட்டப்படும் நியூரான் களைத்து, கடைசியில் செத்தே போகும். பக்கவாதத்தில் ரத்தம் நின்றுபோன இடத்தைச் சுற்றி நியூரான்கள் மடிவதற்கு இப்படித் தேங்கும் குளுட்டமேட்டும் ஒரு காரணம்.

அதனால், கொட்டிய மறுகணமே அதை அள்ளியாக வேண்டும். அள்ளுவது பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் ஆஸ்ட்ரோசைட்தான்.

அள்ளியதை அது தூக்கி எறிவதில்லை. குளுட்டமேட்டுடன் ஓர் அம்மோனியாவைச் சேர்த்து ‘குளுட்டமின்’ ஆக மாற்றுகிறது. பெயரில் சின்ன வித்தியாசம்தான். குணத்தில் பெரிய வித்தியாசம். குளுட்டமின் எந்த நியூரானையும் தட்டி எழுப்பாது. கத்திக்கு உறை போட்டுக் கையில் கொடுப்பதைப் போல, அதைப் பத்திரமாக நியூரானிடம் திருப்பி அனுப்பலாம். நியூரான் உறையைக் கழற்றி மீண்டும் குளுட்டமேட் ஆக்கி, அடுத்த தகவலுக்கு நிரப்பி வைத்துக்கொள்கிறது. மூளையை அமைதிப்படுத்தும் ‘காபா’ என்ற இன்னொரு தூதரும் இதே சரக்கிலிருந்துதான் தயாராகிறது. ஆஸ்ட்ரோசைட் சப்ளையை நிறுத்தினால், முடுக்கும் தூது, அடக்கும் தூது இரண்டுக்குமே தட்டுப்பாடு வந்துவிடும். சர்க்கரையிலிருந்து புதிதாகக் குளுட்டமேட் தயாரித்துக்கொள்ளத் தேவையான ஒரு முக்கிய என்ஸைமும் நியூரானிடம் கிடையாது. அதற்கும் ஆஸ்ட்ரோசைட்டையே நம்பியிருக்கிறது.

உறை போடும் என்ஸைம் எலி மூளையில் ஆஸ்ட்ரோசைட்டுக்குள்தான் இருக்கிறது என்று 1970களின் இறுதியில் நோரன்பெர்க், மார்ட்டினெஸ்-ஹெர்னாண்டஸ் என்ற இருவர் காட்டினார்கள். ‘வெறும் பசை’ என்ற பேச்சு அதன்பிறகு எடுபடவில்லை.

இப்போது கல்லீரலுக்கு வருவோம். உறை எதனால் ஆனது? அம்மோனியாவால். சாப்பிடும் புரதம் செரிக்கும்போதும், குடலில் உள்ள பாக்டீரியாக்களாலும் அம்மோனியா உருவாகிக்கொண்டே இருக்கிறது. நல்ல கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்ற வைக்கிறது. சுருங்கிய கல்லீரலால் அது முடிவதில்லை. தப்பிய அம்மோனியா ரத்தத்தோடு மூளைக்குள் நுழைகிறது. அங்கே அதைப் பிடித்து அடக்கத் தெரிந்தது ஆஸ்ட்ரோசைட் மட்டும்தான். அதற்குத் தெரிந்த ஒரே வழி, உறை போடுவது. போடுகிறது, போட்டுக்கொண்டே இருக்கிறது. செல்லுக்குள் குளுட்டமின் குவிகிறது. குவிந்த குளுட்டமின் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. காப்பாற்றப் போன செல் தானே வீங்கிவிடுகிறது. வீங்கிய செல்லால் பழைய வேகத்தில் அள்ளவும் முடியாது, நிரப்பவும் முடியாது. நியூரான்கள் சாகவில்லை, ஆனால், அவற்றின் பேச்சு குளறுகிறது. தூக்கம் தலைகீழாவதும், கையெழுத்து மாறுவதும், கோபம் வருவதும் இதன் வெளிப்பாடுதான். (அம்மோனியா மட்டுமே குற்றவாளி இல்லை. கிருமித் தொற்றும் ரத்தத்தில் சோடியம் குறைவதும் கூடச் சேர்ந்துகொள்ளும்.)

அந்தச் சிரப்பின் வேலை இப்போது புரிந்திருக்கும். லாக்டுலோஸ் நம் உடலில் செரிக்காத ஒரு சர்க்கரை. பெருங்குடலில் பாக்டீரியாக்கள் அதை உடைத்து அமிலமாக்குகின்றன. அமிலச் சூழலில் அம்மோனியா ரத்தத்துக்குள் ஏற முடியாத வடிவத்துக்கு மாறி, மலத்தோடு வெளியேறிவிடுகிறது. அதனால்தான் ‘ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று முறை இளக்கமாகப் போக வேண்டும்’ என்று டாக்டர்கள் அளவு சொல்கிறார்கள். ‘இன்று நன்றாகத்தான் இருக்கிறார்’ என்று நிறுத்துவது தவறு. பத்து முறை போகும்படி ஊற்றிக் கொடுப்பதும் தவறு. நீர் வற்றினால் குழப்பம் இன்னும் அதிகமாகும்.

வீட்டில் இருப்பவர்கள் செய்யும் இன்னொரு தவறு, இரவு தூங்கவில்லையே என்று தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது. ஏற்கெனவே மந்தமாகிக் கிடக்கும் மூளையை அது மயக்கத்துக்கே கொண்டுபோகலாம். திடீரென்று குழப்பம் கூடினால், மலச்சிக்கலா, காய்ச்சலா, மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறதா என்று பாருங்கள். கறுப்பு என்றால் வயிற்றுக்குள் ரத்தக் கசிவு இருக்கலாம். காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். டூ-வீலர் சாவியையும் எடுத்து வைத்துவிடுவது நல்லது. பேச்சில் எதுவும் தெரியாத ஆரம்பக் கட்டத்திலேயே பிரேக் பிடிக்கும் வேகம் குறைந்திருக்கும்.

சாப்பாட்டு விஷயத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. மணியடித்தால் எச்சில் ஊறும் நாய்களால் புகழ்பெற்ற ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ், அதற்கு முன்பே சக ஆய்வாளர்களோடு வேறொரு சோதனை செய்தார். குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலைத் தொடாமல் போகும்படி நாய்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். 1893இல் அந்த முடிவுகள் வெளியாயின. இறைச்சி தின்றதும் அந்த நாய்கள் தள்ளாடின, வெறித்தன, மயங்கின. அதன் நீட்சியாகப் பிற்கால மருத்துவர்கள் கல்லீரல் நோயாளிகளுக்குப் பருப்பு, முட்டை, மீன் எல்லாவற்றையும் தடை செய்தார்கள். இன்றும் பல வீடுகளில் கஞ்சியும் ரசமும்தான் பத்தியச் சாப்பாடு.

இப்போது அந்த அறிவுரை மாறிவிட்டது. கல்லீரல் கைவிட்டபின் அம்மோனியாவை வாங்கிக்கொள்ளும் இன்னோர் இடம் தசை. அங்கும் இதே உறை போடும் வேலை நடக்கிறது. புரதத்தைக் குறைத்தால் தசை கரையும். தசை கரைந்தால் அம்மோனியா மூளைக்குத்தான் போகும். வழக்கமான அளவு புரதம் கொடுத்தும் மூளைக் குழப்பம் கூடவில்லை என்று 2004இல் பார்சிலோனாவில் நடந்த ஆய்வு காட்டியது. பருப்பு, சுண்டல், தயிர், முட்டை என்று டாக்டர் சொல்லும் அளவில் பிரித்துப் பிரித்துக் கொடுக்கலாம். நோயுற்ற கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு என்பதால், ராத்திரி முழுக்க வயிறு காலியாக இருந்தால் உடல் தசையைத்தான் கரைக்கும். எட்டு மணிக்குச் சாப்பிட்டு முடித்தவருக்குப் படுக்கப் போகும் முன் இரண்டு இட்லியோ, ஒரு கிண்ணம் தயிர் சாதமோ கொடுக்கச் சொல்வது அதனால்தான்.