மணியார்டர் வாடகை

வீட்டுக்காரர் - குடித்தனக்காரர் சண்டை எதில் ஆரம்பிக்கிறது என்று ஒரு கணக்கெடுத்தால், முதல் பரிசு சந்தேகமில்லாமல் ஆணிக்குத்தான். சுவரில் காலண்டர் மாட்ட அடிக்கிற சாதாரண முக்கால் அங்குல ஆணி! இரண்டாம் பரிசு மோட்டார் ஸ்விட்சுக்கு. மூன்றாம் பரிசு, "ரெண்டு நாள்ல கிளம்பிடுவான்" என்று சொல்லி வந்து, ரெண்டு தீபாவளி பார்த்துவிட்ட மச்சினனுக்கு.

ஆனால் கோர்ட்டுக்குப் போனால் யாரும் ஆணி என்று சொல்வதில்லை. அங்கே அது 'கட்டடத்துக்குச் சேதம்' ஆகிவிடும். மச்சினன் 'உள்வாடகை' ஆகிவிடுவான். ராத்திரி பதினோரு மணிக்கு ஓடும் மிக்ஸி, 'தொல்லை'. தமிழ்நாட்டில் 1960-ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், காலி செய்யச் சொல்ல இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. நம் வீட்டுச் சண்டையை அந்தப் பாஷையில் பெயர்த்துச் சொல்வதற்குத்தான் வக்கீல் ஃபீஸ்.

அந்தச் சட்டத்தில் எனக்கு ரொம்பவும் பிடித்தது எட்டாவது பிரிவு.

வாடகை பாக்கி வைத்தால், அதுவும் வேண்டுமென்றே வைத்தால், காலி செய்யச் சொல்லலாம். இது தெரிந்த சில வீட்டுக்காரர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். குடித்தனக்காரர் பணத்தை நீட்டினால், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வாங்க மாட்டார்கள். மாதங்கள் ஓடும். பிறகு, 'வாடகை பாக்கி' என்று நோட்டீஸ் வரும்!

இதற்கு மாற்றாகத்தான் எட்டாவது பிரிவு. வாங்க மறுத்தால், "எந்த பாங்க்கில் கட்டட்டும், பத்து நாளில் சொல்லுங்கள்" என்று எழுதிக் கேட்கலாம். பதில் இல்லையா? மணியார்டரில் அனுப்ப வேண்டும். மணியார்டர் கமிஷனை வாடகையிலேயே கழித்துக்கொண்டு! அதையும் வாங்கவில்லை என்றால் அதற்கான அதிகாரியிடம் கட்டிவிடலாம். கமிஷனைக் கூட மறக்காமல் எழுதிய அந்த மகானுபாவர் ஒரு காலத்தில் குடித்தனக்காரராக இருந்து நொந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இந்தப் பிரிவு நடமாடியதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். 1993-ல் திருவல்லிக்கேணியில் நாலு போர்ஷன் வீடு ஒன்றில் குடியிருந்தேன். முன் போர்ஷனில் வீட்டுக்கார மாமி. எதிர் போர்ஷனில் ரிடையர் ஆகப் போகும் ஒரு குமாஸ்தா, மனைவி, கல்யாணத்துக்கு நிற்கும் ஒரு பெண். இருபத்திரண்டு வருஷக் குடித்தனம். மாமி வீட்டு ரசம் அங்கே போகும். அங்கேயிருந்து வத்தக்குழம்பு இங்கே வரும்.

பம்பாயிலிருந்த மாமியின் பிள்ளைக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. மனைவி, இரண்டு குழந்தைகளோடு வருகிறான். ஒரே ரூமும் ஒரு சமையலறையுமாக இருந்த முன் போர்ஷனில் ஐந்து பேர் எப்படி இருப்பது?

"சார், நீங்க வேற இடம் பார்த்துக்கணுமே..." என்றாள் மாமி.

"எங்கே மாமி பார்க்கிறது? நானூத்தம்பது ரூபாய்க்கு இப்போ யார் வீடு தரா? அட்வான்ஸே பத்து மாசம் கேக்கறான். பொண்ணு கல்யாணத்தை முடிச்சுண்டு போயிடறேனே."

இரண்டு பேச்சிலும் தப்பு இல்லை. அங்கேதான் கஷ்டம்.

நானூத்தம்பது என்றதும் ஒரு விஷயம். மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகையுள்ள குடியிருப்புகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்று முன்பு ஒரு பிரிவு இருந்தது. 1986-ல் சுப்ரீம் கோர்ட் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. இல்லாவிட்டால் மேற்படி குமாஸ்தாவுக்கு எட்டாவது பிரிவும் கிடையாது, மணியார்டரும் கிடையாது.

கோர்ட் விவகாரம் தெரிந்த யாரோ ஒரு தூரத்து உறவு மாமிக்கு ஓதினார்: "வாடகையை வாங்காதே!" மாமி வாங்கவில்லை. குமாஸ்தா சும்மா இருப்பாரா? நாற்பது வருஷம் ஃபைல் பார்த்தவர். பத்து நாள் லெட்டர் போட்டார். பதினோராம் நாள் போஸ்ட்மேன் வந்தார்.

எதிர் போர்ஷனுக்கும் முன் போர்ஷனுக்கும் நடுவில் ஒரு முற்றம். பதினைந்து அடி. அந்தப் பதினைந்து அடியைக் கடக்க அந்த 450 ரூபாய், தபாலாபீஸ் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்தது.

"கமிஷன் போக அனுப்பியிருக்காராம்! என் காசுல எனக்கே மணியார்டரா?" என்று மாமி கத்தினாள். எப்படியும் வாங்கப் போவதில்லை. ஆனாலும் கமிஷன் பிடித்தது பொறுக்கவில்லை! பணம் திரும்பிப் போனது. மறு மாதமும் வந்தது. போனது. பிறகு கோர்ட்டில் கட்டினார். ரசமும் வத்தக்குழம்பும் நின்று போயின.

கேஸ் நடந்தது. கட்டடத்தில் ஒரு பகுதியில் வீட்டுக்காரரே குடியிருந்து, கூடுதல் இடம் வேண்டும் என்று கேட்டால், கோர்ட் ஒரு தராசு பிடிக்க வேண்டும். இடம் கிடைப்பதால் வீட்டுக்காரருக்கு என்ன சௌகரியம்? காலி செய்வதால் குடித்தனக்காரருக்கு என்ன கஷ்டம்? கஷ்டம் அதிகமென்றால் மனு தள்ளுபடி. எழுதும்போது சுலபம். மாமியின் பேரன் முற்றத்தில் பாய் போட்டுப் படிப்பதையும், குமாஸ்தாவின் பெண்ணை இரண்டு இடத்திலிருந்து பார்த்துவிட்டுப் போனதையும் எந்தத் தராசில் வைப்பது?

வாய்தா மேல் வாய்தா. இதற்கு நடுவில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பத்திரிகையை நேரில் கொடுக்கவா, வேண்டாமா என்று குமாஸ்தாவுக்குக் குழப்பம். கடைசியில் தபாலில் அனுப்பினார். மறுபடி அதே பதினைந்து அடி!

மாமி கல்யாணத்துக்கு வரவில்லை. ஆனால் முகூர்த்தத்துக்கு முதல் நாள் போஸ்ட்மேன் வந்தார். இந்தத் தடவை எதிர்த் திசையில். 101 ரூபாய் மணியார்டர். சேதி எழுதும் இடத்தில், 'குழந்தை தீர்க்க சுமங்கலியாக இருக்கணும்' என்று மாமியின் கோணல் கையெழுத்து. குமாஸ்தா அதை எனக்குக் காட்டினார். பேச முடியவில்லை அவரால்.

அதைத் திருப்பி அனுப்பவில்லை. கமிஷன் பற்றியும் யாரும் பேசவில்லை.

அடுத்த வாய்தாவில் ராஜி. ஆறு மாதத்தில் காலி செய்வதாக எழுதிக் கொடுத்தார். மாமி கோர்ட்டில் கிடந்த வாடகையை எடுத்துக்கொண்டாள். இதே ஆறு மாதத்தை முதல் நாளே ஒரு காகிதத்தில் எழுதியிருந்தால் மூன்று வருஷமும், இரண்டு வக்கீலும் மிச்சம். இருபத்திரண்டு வருஷத்தில் அவர்களுக்குள் ஒரு துண்டுக் காகிதம் கூடக் கிடையாது. "மாமிகிட்டே போய் அக்ரிமெண்ட்டா?" என்று இவருக்குக் கூச்சம். "சார்கிட்டே போய் ரசீதா?" என்று அவளுக்குக் கூச்சம்.

இப்போது அந்த 1960 சட்டம் போய்விட்டது. 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22-லிருந்து நடப்பில் இருக்கிறது. இதில் கூச்சத்துக்கு இடமே இல்லை. வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். "பதினோரு மாசத்துக்குத்தானே போட்டிருக்கோம்" என்று தப்பிக்க முடியாது. அது ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு செய்ய வேண்டும் என்ற வேறொரு சட்டத்துக்குச் செய்த சாமர்த்தியம். பழைய குடித்தனமானாலும் எழுதிக்கொள்ளாமலே இருந்தால், காலி செய்யச் சொல்ல அதுவே ஒரு காரணமாகலாம்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. 'வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தாலொழிய' என்று கூடவே ஒரு வால்! பத்து மாதம் கேட்பவர்கள் அந்த வாலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் படித்துவிடுங்கள். கோபத்தில் தண்ணீரை, கரண்ட்டை நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. "பன்னிரண்டு வருஷம் இருந்தால் வீடு நமக்கே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாடகை கொடுத்துக் குடியிருப்பவருக்கு அது பொருந்தாது. வாடகையை பாங்க் வழியாக அனுப்புங்கள். கையில் கொடுத்தால் ரசீது கேளுங்கள். கேட்டால் மரியாதைக் குறைவு இல்லை.

புதுச் சட்டத்தின் கடைசியில் யார் எதை ரிப்பேர் செய்ய வேண்டும் என்று ஒரு அட்டவணை கூட இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது வீட்டுக்காரர். குழாய்க்கு வாஷர் மாற்றுவது குடித்தனக்காரர். வேறு மாதிரி வேண்டுமானால் இருவரும் பேசி எழுதிக்கொள்ளலாம்.

தேடிப் பார்த்துவிட்டேன். ஆணியை மட்டும் காணோம். அதை நீங்களே முதல் நாள் பேசி, ஒரு வரி எழுதிக்கொண்டுவிடுங்கள்!