ஆல்ப்ஸ் மலை ஒயினுக்கு வரி குறையுது: திருச்சியில் விலை குறையுமா? மணப்பாறை முறுக்குக்குப் பொருந்துமா?

நம்ம ஊரில் 'ஒயின் ஷாப்' என்று பெயர்தான். அங்கே போகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் பிராந்தியும் பீரும். ஆனால் இப்போ நிஜமாகவே ஒயின் பற்றிய பேச்சு வந்திருக்கு. காரணம், ஐரோப்பிய ஒயினுக்கு இந்தியா போட்டுவந்த 150% சுங்க வரி.

எந்த நாட்டுக்குக் குறைஞ்சிருக்கு?

சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிச்சென்ஸ்டைன் ஆகிய 4 நாடுகளுடன் 2024 மார்ச் 10-ல் இந்தியா போட்ட வர்த்தக ஒப்பந்தம், 2025 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கு. அதன்படி 15 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள ஒயினுக்கு வரி முதல் ஆண்டில் 75%, பத்து ஆண்டில் 25%. 5 முதல் 15 டாலருக்குள் இருந்தால் முதலில் 100%, பிறகு 50%. 5 டாலருக்குக் கீழே இருந்தால் சலுகையே கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 டாலர் பாட்டில் பழைய வரியோடு 37.50 டாலர் ஆகும். 75% வரியில் 26.25 டாலர். பெரிய குறைப்புதான்.

ஆனா இங்கேதான் சிக்கல். சுவிட்சர்லாந்து தயாரிக்கும் ஒயினில் கிட்டத்தட்ட முழுவதையும் அந்த நாட்டுக்காரர்களே குடிச்சிடுறாங்க. ஏற்றுமதி ஒரு சதவீத அளவில்தான். விற்க நிறைய சரக்கு வைத்திருப்பது அதே ஆல்ப்ஸ் மலையின் இத்தாலி, பிரான்ஸ், ஆஸ்திரியா பக்கம். அவை ஐரோப்பிய ஒன்றியத்தில் வருபவை. அந்த ஒன்றியத்துடனான பேச்சுவார்த்தை 2026 ஜனவரி 27-ல் முடிந்தது. அந்த ஒப்பந்தம் அமலுக்கு வரும்போது வரி 75% ஆகும், உயர்விலை ஒயினுக்குப் படிப்படியாக 20% வரை இறங்கும். ஒரே மலை, ரெண்டு ஒப்பந்தம்!

திருச்சிக்கு என்ன லாபம்?

உடனே பெரிசா எதிர்பார்க்க வேண்டாம். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, வரி போடுவது மாநில அரசு. 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில்தான். டெல்லி விட்டுக்கொடுக்கும் சுங்க வரி முழுவதும் தில்லைநகர் வாடிக்கையாளரின் பில்லில் குறையும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஸ்ரீரங்கத்தில் இன்னொரு கணக்கும் உண்டு: மாநகராட்சிப் பகுதியில் கோயிலில் இருந்து 50 மீட்டருக்குள் மதுக்கடை வைக்க முடியாது.

இன்னொரு விஷயம். சிங்கப்பூர், கோலாலம்பூரில் இருந்து திருச்சி விமான நிலையத்தில் இறங்கும் பயணி 2 லிட்டர் வரை மது கொண்டுவர ஏற்கெனவே சுங்க வரி இல்லை. 750 மில்லி பாட்டில் ரெண்டு தாராளமா அடங்கும். எந்த ஒப்பந்தமும் இதைவிட மலிவாகத் தரப்போவதில்லை.

சரி, எதோட சாப்பிடுவாங்க?

மலைச்சரிவில் இரவுக் குளிர் அதிகம் என்பதால் திராட்சையின் புளிப்பு குறையாமல் நிற்கும். இத்தாலியின் டெர்லானோ ஊரில் மூன்று திராட்சைகளைக் கலக்கிறார்கள். பினோ பியாங்கோ புளிப்பைத் தரும், ஷார்டனே மென்மையைத் தரும், சாவிஞான் பிளாங்க் வாசனையைத் தரும். அங்கே உப்பிட்ட பன்றி இறைச்சி, கீரை உருண்டை, பாலாடைக்கட்டியோடு பரிமாறுவார்கள்.

அந்தத் தர்க்கத்தை நம்ம தட்டில் வைத்தால்? உப்பும் எண்ணெயும் உள்ள மணப்பாறை முறுக்கு கச்சிதமாகப் பொருந்தும், நாக்கில் படியும் எண்ணெயைப் புளிப்பு கழுவிவிடும். காரம் குறைந்த மீன் வறுவல், தேங்காய்ப்பால் ஊற்றிய சொதியும் சரி. ஸ்ரீரங்கத்து வீட்டு வத்தக்குழம்பு பக்கம் மட்டும் போகக் கூடாது. உணவின் புளிப்பு ஒயினை மிஞ்சினால் ஒயின் தண்ணீர் மாதிரி ஆயிடும். காரமோ ஆல்கஹாலோடு சேர்ந்து இன்னும் எரியும்.

குடிக்க வேண்டிய பதம் சுமார் 10 டிகிரி. கத்திரி வெயிலில் காரில் விட்ட பாட்டிலின் வாசனை போயிடும், அதுக்குக் கொடுத்த காசும் போச்சு. அளவாகக் குடித்தால் ஒயின் உடம்புக்கு நல்லது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023-லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்பதும் குற்றம்.

அடுத்து கவனிக்க வேண்டியது, ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தம் அமலாகும் தேதியும், அதன்பிறகு டாஸ்மாக் எலைட் கடைகளின் விலைப்பட்டியலும்தான்.