கடைசியாக வருபவளுக்கும் ஒரு பந்தயம்

பந்தயம் என்றாலே முதலில் வந்தவர் யார் என்று விசாரிப்பது உலக வழக்கமாக இருக்க, அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டில் தொடங்கிய டான்ஸ்கின் மகளிர் டிரையத்லான் தொடரில் கடைசியாக வரப்போகிறவர் யார் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. அவர் ஸாலி எட்வர்ட்ஸ். கலிபோர்னியாவின் மலைப்பாதைகளில் நூறு மைல் ஓடும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் பந்தயத்தில், 1980-இல், பெண்களுள் முதலாவதாக வந்த அந்த வீராங்கனை, இத்தொடரின் பந்தயங்களில் வேண்டுமென்றே எல்லோருக்கும் பின்னால் வந்து எல்லைக்கோட்டைக் கடந்தார். தாம் கடைசியாக வந்துவிட்டால் வேறெந்தப் பெண்ணும் அந்தப் பெயரைச் சுமக்க நேராது என்பதே அவருடைய சங்கற்பம். பெண்களுக்கென்று தனிப் பந்தயம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான சமாதானம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

டிரையத்லான் என்பது நீந்தி, சைக்கிள் ஓட்டி, பிறகு ஓடி, இடையில் ஓய்வின்றி முடிக்கவேண்டிய போட்டி. அதன் குறுகிய வகையான ஸ்பிரிண்ட் டிரையத்லானில் பொதுவாக 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். மாதக்கணக்கில் சிரத்தையோடு பழகினால் சாமானியப் பெண்ணொருத்தி எட்டக்கூடிய தூரமே இது. டான்ஸ்கின் தொடரில் பங்கு கொண்டவர்களுள் பலர் அதற்கு முன் எந்தப் பந்தயத்திலும் இறங்கியறியாதவர்கள். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்ட பெண்களும் குழுவாகச் சேர்ந்து வந்தார்கள்.

தனியாகப் பிரித்து வைப்பது பெண்களைத் தாழ்த்துவதாகாதா என்பது நியாயமான கேள்விதான். 1979-இல் ஹவாயில் நடந்த அயர்ன்மேன் என்னும் நெடுந்தூர டிரையத்லான் போட்டியில் லின் லெமேர் என்னும் பெண்மணி, ஆண்களுக்கிடையே ஒரே பெண்ணாக இறங்கி, ஒட்டுமொத்தத்தில் ஐந்தாவதாக வந்து காட்டினார். அப்படியிருக்கச் சலுகை எதற்கு? ஆனால் வேறொரு சரித்திரத்தையும் நினைவில் வைக்கவேண்டும். 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடி முடித்துக் களைத்துப்போனதைப் பத்திரிகைகள் பூதாகாரமாக வர்ணிக்க, அந்த ஓட்டமே 1960 வரையில் பெண்களுக்கு மறுக்கப்பட்டது. பாஸ்டன் மாரத்தான் பெண்களை முறைப்படி ஏற்றுக்கொண்டது 1972-இல்தான். ஒரு பெண் மூச்சு வாங்க நின்றால் அது அவள் இனத்துக்கே பலவீனம் என்று தீர்ப்புச் சொன்ன காலம் அவ்வளவு நீண்டது. அந்தத் தீர்ப்பின் பயம் ஒரு தலைமுறையில் மறைந்துவிடாது. மகளிர் பந்தயத்தில் தூரம் குறைக்கப்படவில்லை, தண்ணீரின் ஆழம் குறைக்கப்படவில்லை, கடிகாரமும் மெதுவாக ஓடவில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அஞ்சும் கூச்சம் ஒன்றே குறைக்கப்படுகிறது. அதைச் சலுகை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

அந்தக் கூச்சம் எவ்வளவு பெரிது என்பதைக் கரையில் நின்று பார்த்தால் தெரியும். அமெரிக்கப் பந்தயங்களில் போட்டியாளரின் புஜத்தில் எண்ணையும், கெண்டைக்காலில் வயதையும் கறுப்பு மையால் எழுதிவிடுகிறார்கள். நாலு பேர் முன்னிலையில் வயதைச் சொல்லவே தயங்கிய ஒருத்தி, நீச்சலுடையில், ஐம்பத்திரண்டு என்ற எழுத்தோடு ஊரறிய நிற்கிறாள். பக்கத்தில் நிற்பவளின் காலில் அறுபத்தொன்று என்றிருப்பதைக் கண்டதும் அவள் முகம் சற்றே தெளிகிறது. ஏரியில் இறங்கியபின் உண்மையான சோதனை ஆரம்பமாகிறது. நீச்சல் குளத்தின் அடித்தரையில் வழிகாட்டிய கறுப்புக் கோடு இங்கே இல்லை. கலங்கிய நீரில் தன் கையே தெரிவதில்லை. குளிர்ந்த நீர் நெஞ்சைத் தொட்டவுடன் மூச்சு மேலும் கீழுமாக அடித்துக்கொள்கிறது. அருகில் நீந்துபவளின் குதிகால் தோளில் இடிக்கிறது. புதியவர்களுள் பலரை மிரட்டுவது களைப்பைவிட இந்தத் திகில்தான். அப்போது காவலுக்கு நிற்கும் சிறு படகைப் பற்றிக்கொண்டு இளைப்பாறலாம். அதைப் பிடித்தபடி முன்னேறாமல் இருந்தால் போதும், விதி அதை அனுமதிக்கிறது. இந்த விதியை அறியாமலே எத்தனையோ பேர் இப்பந்தயத்தை எட்டாத காரியமென்று விட்டுவிடுகிறார்கள். திறந்த நீர்நிலையில், துணையோடு, சில தடவையாவது நீந்திப் பழகாமல் எவரும் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

கரையேறியவளுக்கு மீதி வழி அவ்வளவு கடினமன்று. தலைக்கவசத்தின் வாரை மோவாய்க்குக் கீழே பூட்டிய பிறகே சைக்கிளைத் தொடவேண்டும் என்ற நியமத்தை மறவாதிருந்தால் சரி. சைக்கிளை விட்டிறங்கி ஓடத் தொடங்கும்போது கால்கள் மரக்கட்டை போல் கனக்கும். அது சில நிமிஷங்களில் தெளிந்துவிடும் என்பதைப் பழக்கத்தில் முன்பே கண்டுகொண்டவள் கலங்கமாட்டாள்.

முதலாவதாக வந்தவள் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாகப் பாடுபட்டாள் என்றால், கடைசியாக வந்தவள் அவளைப்போல் இரண்டு மடங்கு நேரம் அதே வெயிலில் பாடுபட்டிருக்கிறாள். இதை உணராமல், வேகமாக வருகிறவர்கள் வந்து முடிந்ததும் எல்லைக்கோட்டு வளைவைப் பிரித்து, தண்ணீர்ப் பந்தலைக் கலைத்து, கடிகாரத்தை அணைத்துவிடும் அமைப்பாளர்கள் எந்த நாட்டிலும் உண்டு. பாதுகாப்பையும் போக்குவரத்தையும் கருதிக் கால வரம்பு விதிக்க நேரலாம். அந்த வரம்பைப் பெயர் கொடுக்கும்போதே தெளிவாகச் சொல்லிவிடட்டும். அதற்குட்பட்டு ஓடிக்கொண்டிருக்கும் கடைசிப் பெண் வந்து சேரும்வரை, முதலில் வந்தவளுக்கு நின்ற அத்தனை பேரும் அவளுக்காகவும் நிற்கவேண்டும். புதியவர்களை அழைத்துப் பந்தயம் நடத்தும் ஒவ்வொருவரிடமும் நான் வேண்டிக்கொள்வது இது ஒன்றே.