வண்டியை எண்ணத் தெரிந்த அரசுக்கு, வயிற்றை எண்ணத் தெரியாதா?

தோழர்களே!

ஊட்டி, கொடைக்கானல் இ-பாஸ் பத்தி வாயைத் திறந்தாலே, "டிராஃபிக் குறையுதுல்ல?"ன்னு கேக்குறாங்க. குறையட்டும். மலையைக் காப்பாத்தணும்கிறதுல நமக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனா இந்தக் கணக்குல ஒருத்தரை மறந்துட்டாங்க: ஹோட்டலுக்குச் சரக்கு போடுற சின்ன வியாபாரி.

2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ். 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் வரை எண்ணிக்கைக்கும் வரம்பு போட்டாங்க.

🔴 நீலகிரி: வார நாள் 6,000 வண்டி, வார இறுதி 8,000
🔴 கொடைக்கானல்: வார நாள் 4,000, வார இறுதி 6,000

"அத்தியாவசியப் பொருள் ஏத்திவர்ற வண்டிக்குத்தான் விலக்கு இருக்கே!"ன்னு முட்டுக் கொடுக்குறவங்களுக்கு ஒரே கேள்வி. லாரி நிறைய கத்தரிக்காய் மலையேறலாம். அதைச் சாப்பிட ஆள் ஏற வேண்டாமா?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 20 ரூம் லாட்ஜ். ரூமுக்கு 2 பேர், ஆளுக்கு 3 இட்லி. ஃபுல் ஆனா 120 இட்லி. 8 ரூம்தான் நிரம்பினா 48. மாவு முந்தின நாளே அரைக்கணும். பால், முட்டை, கோழி, வாழை இலை எல்லாம் முந்தின ராத்திரியே சொல்லணும். எத்தனை பேர் வருவாங்கன்னு தெரியாத ஓனர் என்ன பண்ணுவார்? ஆர்டரைப் பாதியா வெட்டுவார். பழைய பாக்கியை "அடுத்த வாரம் பாக்கலாம்"பார். அடி விழுறது பால்காரருக்கு, கறிக்கடைக்காரருக்கு, பெட்ஷீட் துவைக்கிற தொழிலாளிக்கு.

பெரிய ரிசார்ட்டுக்கு ஆன்லைன் புக்கிங் இருக்கு, பர்ச்சேஸ் மேனேஜர் இருக்கார். சமாளிச்சுடுவாங்க. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜ், திடீர்னு வந்து ரூம் கேக்குறவங்களை நம்பித்தான் ஓடுது.

இன்னொரு கூத்து. காலைல ஏறி சாயங்காலம் இறங்குற காரும் ஒண்ணு. மூணு நாள் தங்குற குடும்பத்தோட காரும் ஒண்ணு. ஹோட்டல் சமையல்கட்டுக்கு ரெண்டும் ஒண்ணா?

நீதிமன்றம் வரம்பு போட்டுச்சு. அந்த வரம்புக்குள்ள மலைமக்களோட பிழைப்பு ஓட வழி பண்ண வேண்டியது ஆட்சியில இருக்குறவங்க வேலை. 2025 ஏப்ரல் 2-ல நீலகிரி வியாபாரிகள் கடையடைச்சுக் கத்தினது காதுல விழலையா?

நம்ம கோரிக்கை மூணு:

✊ எந்தத் தேதிக்கு எத்தனை பாஸ், எத்தனை பேர் ராத்தங்கல்னு மூணு நாள் முன்னாடியே வியாபாரிகள் பார்க்கிற மாதிரி வெளியிடு!

✊ ரூம் புக் பண்ணினவங்களுக்குப் பாஸ்ல முன்னுரிமை கொடு!

✊ மேட்டுப்பாளையத்துலயும் வத்தலக்குண்டுலயும் கார் நிறுத்த இடம், அங்கிருந்து மலைக்குக் கூடுதல் அரசு பஸ் விடு! வண்டி குறையும், ஆள் குறைய மாட்டாங்க.

மலையும் வாழணும். மலையில இருக்குறவங்க அடுப்பும் எரியணும்.

சரின்னு பட்டா ஷேர் பண்ணுங்க தோழர்களே. ஊட்டி, கொடைக்கானல்ல உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு கடைக்காரருக்காவது இதை அனுப்புங்க.

#மலையும்_வாழணும் #அடுப்பும்_எரியணும்