குழுக் கடன்: கைகொடுப்பது எது, கழுத்தை இறுக்குவது எது?

காலையில் 90 ரூபாய் கைக்கு வரும். மாலையில் அதை 100 ரூபாயாகத் திருப்ப வேண்டும். கூடை வைத்துக் காய், பூ, மீன் விற்கும் பெண்களுக்குப் பழகிப்போன கணக்கு இது. 'ஒரு நாளைக்கு 10 ரூபாய்தானே' என்று தோன்றும். மாதம் முழுக்க இப்படியே ஓடினால், வட்டி மட்டும் 300 ரூபாய்!

ஏழைகளுக்கு ஆண்டுக்கு 4 சதவிகித வட்டியில் வங்கிக் கடன் தரும் திட்டத்தை மத்திய அரசு 1972-லேயே கொண்டுவந்துவிட்டது. 100 ரூபாய்க்கு வருடம் முழுவதற்கும் 4 ரூபாய்தான் வட்டி. ஆனால், கையெழுத்துப் போடத் தெரியாத, அடமானம் வைக்க எதுவும் இல்லாத, ஒரு நாள் வியாபாரத்தை விட்டால் அடுப்பு எரியாத பெண், வங்கிப் படியேறுவது எப்படி?

மயிலாப்பூரில் கிடைத்த விடை

அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் ஜெயா அருணாசலம். காங்கிரஸ் கட்சியில் இருந்த அவர், அரசியலை விட்டு விலகி 1978-ல் 'வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்' அமைப்பைத் தொடங்கினார். தலைமையகம் மயிலாப்பூர் பீமசேனா கார்டன் தெருவில். ஆரம்பத்தில் சேர்ந்தவர்கள் சுமார் 800 பெண்கள்.

வழி எளிமையானது. ஒரே பகுதியில் வசிக்கும் பெண்கள் குழுவாகச் சேர்வார்கள், தங்களில் ஒருவரைத் தலைவியாகத் தேர்ந்தெடுப்பார்கள், ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்பார்கள். நகைக்கும் பத்திரத்துக்கும் பதிலாக, பக்கத்து வீட்டுக்காரியின் வார்த்தையே அடமானம்.

வங்கிகளின் தாமதமும் படிவங்களும் அலுத்துப்போக, 1981-ல் சொந்தமாகக் கூட்டுறவு சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். கடன் வாங்கிய பெண்களே அதன் பங்குதாரர்கள். பிறகு திண்டுக்கல் கிராமப் பெண்கள், அதிராம்பட்டினம் மீனவப் பெண்கள், ஆந்திராவின் நரசாபூர் லேஸ் தொழிலாளர்கள் என இது நகரத்தைத் தாண்டியும் பரவியது. 1987-ல் பத்மஸ்ரீ பெற்ற ஜெயா, 2019-ல் காலமானார்.

எல்லாக் குழுவும் ஒன்றல்ல

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தமிழக அரசு சுய உதவிக் குழுக்களை ஆரம்பித்தது. 1992-ல் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை நபார்டு கொண்டுவந்தது. இன்று குழு இல்லாத கிராமத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இங்கேதான் ஒரு குழப்பம். தனியார் மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்கள் தருவதையும் 'குழுக் கடன்' என்றே சொல்கிறோம். இரண்டும் வேறு.

சுய உதவிக் குழுவில் முதலில் சேமிப்பு, பிறகுதான் கடன். 10 முதல் 20 பேர் கூடி, தங்கள் சேமிப்பிலிருந்து யாருக்கு எவ்வளவு தருவது என்று தாங்களே முடிவு செய்வார்கள். ஒருத்திக்குப் பிரசவம், ஒருத்தி வீட்டில் சாவு என்றால், தவணையைத் தள்ளிவைப்பதா என்பதையும் அவர்களே பேசிக்கொள்ளலாம்.

நிறுவனக் கடனில் தொகை, வட்டி, தவணை எல்லாம் நிறுவனத்தின் முடிவு. பெண்களுடையது ஜாமீன் மட்டுமே. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள்தான் கட்ட வேண்டும். மயிலாப்பூரில் பெண்களைத் தண்டல்காரரிடமிருந்து காப்பாற்றிய அதே ஜாமீன், இங்கே தோழிகளையே வசூல்காரர்களாக மாற்றிவிடுகிறது. ஒரு கடனை அடைக்க இன்னொரு குழுவில் சேர்ந்தால், சுமை இன்னும் கூடும்.

சேரும் முன் கேளுங்கள்

* கணக்குப் புத்தகம் யாரிடம் இருக்கிறது? உறுப்பினர்கள் எப்போது கேட்டாலும் காட்டுவார்களா?
* குழுவுக்கென்று சொந்தச் சேமிப்பு இருக்கிறதா?
* மொத்த வட்டியும் கட்டணங்களும் எவ்வளவு? தமிழில் எழுதிய கடன் அட்டை தருவார்களா?
* வீட்டிலுள்ள எல்லாக் கடன் தவணைகளையும் கூட்டினால், மாத வருமானத்தில் பாதியைத் தாண்டுகிறதா? தாண்டக் கூடாது என்பது 2022-ல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி.

காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்காகத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க, தமிழக சட்டப்பேரவையும் 2025-ல் மசோதா நிறைவேற்றியது.

உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா, தெருமுனையில் பூ விற்கும் அம்மா ஏதாவது குழுவில் இருக்கிறாரா? 'எவ்வளவு கடன்' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'உங்க குழுவில் முடிவெடுப்பது யார்?' என்றும் கேட்டுப் பாருங்கள். 'நாங்கதான்' என்று பதில் வந்தால், பாதிக் கவலை தீர்ந்தது.