கூட்டிப்போனவரும் கூடப்போனவளும்

கல்யாணமான பெண் ஒருத்தி ஊட்டிக்குப் போய்வந்தால் அதை எப்படிச் சொல்கிறாள் என்று கவனித்திருக்கிறீர்களா? "ஊட்டிக்குப் போனேன்" என்று அவள் சொல்வது அபூர்வம். "அவர் ஊட்டிக்குக் கூட்டிக்கிட்டுப் போனார்" என்பாள். போகாதவளின் குறையும் அதே வினையில்தான் வரும். "கல்யாணமாகி இருபது வருஷமாச்சு, ஒரு இடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனதில்ல." ஆண் போகிறான். பெண்ணை யாராவது கூட்டிப்போகிறார்கள். தமிழ் படித்தவள் என்பதால் இலக்கணத்திலிருந்தே தொடங்குகிறேன். எழுவாய் யாரோ, பயணம் அவருடையது. மனைவி செயப்படுபொருளாக இருக்கும் வரை, மலை எவ்வளவு அழகாக இருந்தாலும், பூங்காவில் எத்தனை ஆயிரம் ரோஜா பூத்தாலும், தம்பதியர் சுற்றுலா என்பது வீட்டை அப்படியே பெயர்த்து ஏழாயிரம் அடி உயரத்தில் வைப்பதுதான்.

நான் பாடம் நடத்தும் காஞ்சிபுரத்துக்கு இந்தச் சுற்றுலாவோடு நெருங்கிய உறவு உண்டு. தமிழ்நாட்டுக் கல்யாணங்களின் முகூர்த்தப் பட்டு இங்கே நெய்யப்படுகிறது. அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டு தாலிக்குக் கழுத்து நீட்டியவள், அடுத்த வாரமே கொடைக்கானலுக்கோ மூணாறுக்கோ அனுப்பப்படுகிறாள். சில வருடம் கழித்து அதே தம்பதி பிள்ளைகளோடும் மாமியாரோடும் வேனில் எங்கள் ஊருக்கு வருவார்கள். காலையில் காமாட்சியம்மன், ஏகாம்பரநாதர், வரதராஜர். மதியம் பட்டுக்கடை. சாயங்காலம் மாமல்லபுரம். கைலாசநாதர் கோயிலுக்கு, நேரம் மிஞ்சினால் பத்து நிமிடம். வேனிலிருந்து இறங்கும் பெண்களைப் பாருங்கள். ஒரு கையில் குழந்தை, மறு கையில் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட் பையும். ஆயிரத்து முந்நூறு வருடமாக நிற்கும் கோயிலை அண்ணாந்து பார்க்க அவளுக்கு அரை நிமிடம் கிடைப்பதில்லை.

முதல் பயணமான தேனிலவிலிருந்தே பேசுவோம். சினிமாப் பாட்டுகள் அந்தச் சொல்லை இனிப்பில் முக்கி வைத்திருக்கின்றன. பனிமலையில் கதாநாயகன் கம்பளிச் சட்டைக்குள் இருப்பான். கதாநாயகி மெல்லிய சேலையில் ஆடுவாள். குளிர்கூட ஆணுக்குத்தான். நிஜத்தில், பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணத்தில், அவனோடு அவள் மொத்தமாகப் பேசியிருப்பது சில மணி நேரம். அம்மாவும் தோழியும் பக்கத்தில் இல்லாத, வழி தெரியாத ஊரில், பூட்டிய அறைக்குள் அவனோடு நான்கு நாள். "இன்றைக்கு வேண்டாம்" என்று அவள் சொன்னால் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, 63-ஆம் பிரிவில் வன்புணர்வு எது என்று வரையறுக்கிறது. வரையறுத்த கையோடு, பதினெட்டு வயது நிரம்பிய மனைவியிடம் கணவன் கொள்ளும் உறவு அதில் சேராது என்று விலக்கும் கொடுக்கிறது. வெள்ளைக்காரன் எழுதிவைத்த தண்டனைச் சட்டத்தின் விலக்கு, பெயர் மாறிய சட்டத்திலும் பத்திரமாகக் குடியேறிவிட்டது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறை என்று ஏற்கிறது. அதன்கீழ் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். ஆனால் நடந்ததை அதன் பெயரைச் சொல்லி அழைக்க அவளுக்குச் சட்டம் இடம் தரவில்லை. எல்லா இரவுகளும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஓர் இரவு வந்தால், காட்சிமுனையில் தோளில் கைபோட்டு எடுத்த படம் அதை மறைத்துவிடும் என்கிறேன்.

பிள்ளைகள் பிறந்த பிறகு அது குடும்பச் சுற்றுலா ஆகிறது. தேதி குறிப்பது அவர். அந்தத் தேதியில் மாதவிடாய் வருமென்றால், அதைத் தள்ளிப்போட மாத்திரை விழுங்குவது இவள். வழியில் கோயில் இருக்கிறதே! புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே மிளகாய்ப்பொடி அரைத்து, புளிக்காய்ச்சல் காய்ச்சி, மாமியாரின் பிரஷர் மாத்திரை, பிள்ளையின் காய்ச்சல் மருந்து, கணவரின் ஸ்வெட்டர் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறாள். வண்டியில் ஏறிய பிறகு தண்ணீர் குடிக்க மாட்டாள். ஆண்கள் சாலையோரத்தில் நிறுத்தி இறங்கிவிடுவார்கள். அவளுக்கான கழிப்பறை எத்தனையாவது கொண்டை ஊசி வளைவில் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு விரிகிறது. அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போய்ச் சேர்ந்த இடத்தில் 'சமையல் வசதியுள்ள காட்டேஜ்' என்று பலகை. வசதி யாருக்கு?

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. ஊதியமில்லாத வீட்டுவேலை செய்கிறவர்களில் ஒரு பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுக்கிறாள் என்றும், ஆண் 97 நிமிடம் கொடுக்கிறான் என்றும் அது சொன்னது. ஐந்து மணி நேரத்துக்கு ஒரே ஒரு நிமிடம் குறைவு. இந்த வேலைக்கு ஞாயிறு கிடையாது, பொங்கல் கிடையாது. அலுவலகம் போகும் ஆணுக்கு விடுமுறை என்றால் வேலையிடத்தை விட்டு விலகுவது. வீடே வேலையிடமாக இருப்பவள் அந்த வீட்டையும் தூக்கிக்கொண்டு மலையேறினால் அதற்கு விடுமுறை என்றா பெயர்? எங்கள் அரசாங்க மொழியில் அதற்குப் பணியிட மாற்றம் என்று பெயர்.

மலைக்குப் போனால் அங்கே உழைக்கும் பெண்கள் கண்ணில் படவேண்டாமா? ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்க மெக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1848-இல் வந்தார். சமவெளியின் வெயில் தாங்காத துரைமார்களும் அவர்களின் குடும்பங்களும் ஓய்வெடுக்க ஏற்பட்டதுதான் மலைவாசத்தலம் என்ற ஏற்பாடே. துரைமார் போய்விட்டார்கள், ஓய்வெடுப்பவர், ஊழியம் செய்பவர் என்ற பிரிவினை மட்டும் போகவில்லை. பச்சைக் கம்பளம் என்று நாம் படம் எடுக்கும் தேயிலைச் சரிவில் பாதிப்பங்குக்கு மேல் குனிந்து நிற்பது பெண்களின் முதுகு. 2015 செப்டம்பரில் அந்த முதுகுகள் நிமிர்ந்தன. தேனிலவுக்குப் பேர்போன மூணாறில், கண்ணன் தேவன் தோட்டங்களின் பெண் தொழிலாளர்கள், குறைக்கப்பட்ட போனஸை 20 சதவீதமாகக் கேட்டுச் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ் பேசும் தலித் பெண்கள். ஆண்கள் தலைமை தாங்கிய தொழிற்சங்கங்களை ஒதுக்கிவைத்து, 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டு, ஒன்பது நாளில் கேட்ட 20 சதவீதத்தைப் பெற்றார்கள். மூணாறின் காட்சிமுனைகளைப் பட்டியல் போடும் எந்தச் சுற்றுலாக் கையேட்டில் இந்தச் சாலை இருக்கிறது?

எங்கள் ஊரிலும் இதே கதைதான். பட்டுக்கடையில் தம்பதிக்கு விரித்துக் காட்டும் கோர்வைப் புடவையில், உடலும் கரையும் வேறு வேறு நிறம். அந்தக் கரைக்கு நாடா போட நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். பல வீடுகளில் அந்தக் கை மனைவியுடையது அல்லது மகளுடையது. ராட்டையில் தார் சுற்றுவதும் அவர்கள்தான். கூலி வருவதோ தறிக்காரர் பெயரில். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் கைத்தறித் தொழிலாளர்களில் 72 சதவீதம் பெண்கள். ஆனாலும் 'நெசவாளி' என்றதும் நம் மனதில் எழுவது ஓர் ஆணின் உருவம். ஊரெல்லாம் தேனிலவுக்குப் போக முகூர்த்தப் பட்டு நெய்துகொடுக்கும் பெண்கள், தறிக்குழியையும் அடுப்படியையும் விட்டு எங்கே போயிருக்கிறார்கள் என்று என் மாணவிகள் தங்கள் அம்மாக்களிடம் கேட்டுப் பார்க்கட்டும். பிறந்த வீடு, பிரசவ ஆஸ்பத்திரி, மேல்மருவத்தூர் என்று பட்டியல் மூன்றில் முடிந்துவிடும்.

"பெண் வீட்டில் இருப்பது நம் மரபு" என்று உடனே ஒரு குரல் வரும். மரபில் அதற்கு இடம் உண்டுதான். கடல்வழிப் பயணம் பெண்ணோடு இல்லை என்கிறது தொல்காப்பியம். உரையாசிரியர்கள் அதற்கு வேறு வேறு பொருள் சொன்னாலும் நூற்பாவின் போக்கு தெளிவு. பொருள் தேடப் பிரிவது தலைவன். முல்லையில் இருத்தல் தலைவியின் வேலை. ஆனால் மரபை முழுதாகப் படித்தால் வேறு பெண்களும் வருவார்கள். தகடூர் அதியமானின் தூதாக ஔவை தொண்டைமானிடம் வந்தாள். தொண்டை நாட்டின் தலைநகர் எங்கள் காஞ்சி. அவன் தன் ஆயுதக்கொட்டிலைப் பெருமையோடு சுற்றிக்காட்டினான். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, பளபளவென்று இருக்கும் இந்த ஆயுதங்கள் போரே பார்க்காதவை என்று அவனுக்கு உறைக்கும்படி புறநானூற்றில் பாடிவைத்தாள். எந்தக் கணவரும் அவளைக் கூட்டிவரவில்லை. அவளுக்கு வேலை இருந்தது, வாய் இருந்தது, பார்த்ததற்குச் சொந்தமான ஒரு கருத்து இருந்தது. மணிமேகலையும் காஞ்சிக்குத் தனியாக வந்தவள்தான். பஞ்சத்தில் வாடிய ஊருக்குச் சோறு போட்டவள். அதற்கு முன் வஞ்சி நகரில் சமயவாதிகளின் பேச்சைக் கேட்க அவள் ஆண் துறவியின் வடிவம் எடுக்க வேண்டியிருந்தது. இளம்பெண் கேட்டால் பதில் சொல்ல மாட்டார்கள் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது!

"அப்படியானால் கணவனும் மனைவியும் சேர்ந்து ஊர் சுற்றவே கூடாதா?" என்று கேட்பவர்களுக்குக் கொச்சியைக் காட்டுகிறேன். விஜயன், மோகனா என்ற தம்பதி எர்ணாகுளத்தில் சின்ன டீக்கடை நடத்தினார்கள். அந்த வருமானத்தில் சேமித்தும், கடன் வாங்கிப் பயணம் முடிந்து அடைத்தும், இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நாடுகளைப் பார்த்தார்கள். 2021 நவம்பரில் விஜயன் இறக்கும் வரை இது நடந்தது. கடையில் இருவரும் நின்று உழைத்தார்கள், கடையை மூடிவிட்டு இருவரும் போனார்கள். காசு இருவருடையது என்றால் பயணமும் இருவருடையது. நான் கேட்பது இதைத்தான். சேர்ந்து போவது வேறு, கூட்டிப்போவது வேறு.

அரசாங்கம் நினைத்தால் என்ன மாறும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. ஓசிப் பயணம் என்று மேடையிலும் பேருந்திலும் ஏளனம் செய்தார்கள். ஏன் இவ்வளவு எரிச்சல்? மிச்சமானது சில்லறை மட்டும் என்றால் எரிச்சல் வந்திருக்காது. "எங்கே போறே, எதுக்குப் போறே, எவ்வளவு வேணும்?" என்ற மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்வி செத்துப்போனது. கடைசிக் கேள்வி போனால் முதல் இரண்டும் வலுவிழக்கும். வாலாஜாபாத்திலிருந்தும் முத்தியால்பேட்டையிலிருந்தும் ஒருத்தி யாரிடமும் கை நீட்டாமல் அக்காவைப் பார்க்க, ஆஸ்பத்திரிக்குப் போக, சும்மா கோயில் குளக்கரையில் உட்கார வருகிறாள். அந்தச் 'சும்மா'தான் சிலரை உறுத்துகிறது.

ஆகவே தோழிகளே, இனி யாரிடமும் "என்னைக் கூட்டிப்போ" என்று கேட்காதீர்கள். வேறு விஷயங்களைக் கேளுங்கள். வீட்டுவேலையிலிருந்து, பதிலுக்கு யார் சமைப்பது என்று முடிவு செய்யப்பட்ட விடுமுறையைக் கேளுங்கள். தறியில் போட்ட உழைப்புக்கு உங்கள் பெயரில் கூலி கேளுங்கள். நெடுஞ்சாலைகளிலும் மலைப்பாதைகளிலும் சுத்தமான, பூட்டுள்ள கழிப்பறை கேளுங்கள். மனைவியின் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு மதிப்புத் தரும் சட்டத்தைக் கேளுங்கள். தோழியோடு போவதற்கும் தனியாகப் போவதற்கும் மட்டும் அனுமதி கேட்காதீர்கள்.

தொடக்கத்துக்கு ஊட்டி வரை போகவேண்டியதில்லை. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்திலிருந்து கைலாசநாதர் கோயில் நடக்கிற தூரம்தான். ராஜசிம்ம பல்லவன் கட்டினான் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். வாசலுக்கு முன்னால் வரிசையாக நிற்கும் சிறு கோயில்களில் ஒன்றை எடுப்பித்தவள் ரங்கபதாகை என்ற அரசி என்பது அங்கேயே கல்லில் வெட்டியிருக்கிறது. பத்து நிமிடச் சுற்றுலாவில் அது கண்ணில் படாது. ஒரு மதியம் பையில் தண்ணீர் பாட்டில் ஒன்றோடு போய், அவசரமில்லாமல் அந்தப் பெயரைத் தேடுங்கள். வீட்டில் கேட்டால், "கோயிலுக்குப் போனேன்" என்று தன்மையில் சொல்லுங்கள்.