ஸ்பிரிங்கை வெட்டாதீங்க, பிள்ளைங்களை விரட்டாதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படிங்க. வீட்டுல காடி ஓட்டுற பிள்ளை இருந்தா அவங்களுக்கும் காட்டுங்க.

நம்ம வாட்ஸ்அப் குழுவில் இந்த வாரம் ஒரே விவாதம். லோ பண்ணின காடிகளை இனிமேல் கோயில் வளாகத்துக்குள் விடக்கூடாது என்று ஒரு யோசனை வந்திருக்கு. சத்தம் போடுறாங்க, கேட் முன்னால இருக்கிற போங்கோல்ல அடி தட்டுது, பார்க்க ரவுடி வண்டி மாதிரி இருக்குன்னு ஆளுக்கு ஒரு காரணம். தைப்பூசத்துக்கு முன்னாடியே முடிவு எடுக்கணும்னு சிலர் அவசரப்படுறாங்க.

என் கருத்தை நேரா சொல்லிடுறேன். இந்தத் தடை வேண்டாம். அதே சமயம், காசு பத்தலைன்னு ஸ்பிரிங்கை வெட்டி காடியை இறக்குறதும் வேண்டவே வேண்டாம். பெரியவங்களுக்குப் பாதி, தம்பிமாருக்குப் பாதி. ரெண்டு பேரும் முழுசா படிங்க.

முதல்ல பெரியவங்களுக்கு. அந்த லோ காடி ஓட்டுற பசங்க யாரு? அன்னதானத்துக்கு அரிசி மூட்டை தூக்குறவங்க. திருவிழா முடிஞ்சு ராத்திரி ஒரு மணிக்குப் பந்தல் கழட்டுறவங்க. பஸ் இல்லாத நேரத்துல பாட்டிமார்களை வீட்டுல கொண்டு போய் விடுறவங்க. இதே காடியைத்தான் வாங்கின அன்னைக்கு சாமி முன்னாடி நிறுத்தி, நாலு டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சுப் பூசை போட்டுக் குடுத்தோம். இன்னைக்கு உயரம் குறைஞ்சு போச்சுன்னு உள்ளே விடமாட்டோம்னா, காடி மட்டும் வெளியே நிக்காது. பையனும் வெளியே நின்னுடுவான். வெளியே நிக்கிறவனை யாரு கூட்டிக்கிட்டுப் போவாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

அவங்க வருமானத்தையும் பாருங்க. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி ஆச்சு. புதுசா வேலைக்குப் போற பையன் அந்தச் சுற்றுலதான் வாங்குவான். காடி மாதக் கட்டணம், பெட்ரோல், வீட்டுக்குக் குடுக்குறது போக கையில என்ன நிக்கும்? ஆசை மட்டும் பெரிசா நிக்கும். பழைய வீரா, சாகா, முதல் தலைமுறை மைவி, இதுதான் அவனுக்குக் கட்டுப்படி ஆகுது. அதைக் கொஞ்சம் அழகா வச்சுக்க நினைக்கிறான். அது பாவம் இல்ல. நம்ம காலத்துல மோட்டார் சைக்கிள் ஹேண்டிலை மாத்தினவங்க இந்தக் குழுவிலேயே எத்தனை பேரு, கையைத் தூக்குங்க பார்ப்போம்.

இப்போ தம்பிமாருக்கு. உங்க பக்கம் பேசிட்டேன், இனி நான் சொல்றதைக் கேளுங்க.

காசு இல்லாதப்போ பட்டறையில முதல்ல சொல்ற வழி, ஸ்பிரிங்கைக் கழட்டி கிரைண்டர்ல ஒரு சுத்து வெட்டிப் போடுறது. கூலி மட்டும்தான், ஒரு மத்தியானத்துல முடிஞ்சிடும். இன்னும் சில பேரு கழட்டக்கூட மாட்டாங்க, டார்ச் வச்சு சூடு காட்டி உட்கார வச்சிடுவாங்க.

நான் தொழிற்சாலையில பிரஸ் பிரிவு மேற்பார்வையாளர். டைக்குள்ள போடுற ஸ்பிரிங்கைப் பல வருசமா பார்க்கிறேன். உயரம் பொருந்தலைன்னா வெட்டிப் போட நாங்க விடமாட்டோம், சரியான அளவுக்கு ஆர்டர் போடுவோம். காரணம் இருக்கு. ஸ்பிரிங் சும்மா வளைச்ச கம்பி இல்ல. சூடாக்கி, குளிர வச்சு, மறுபடியும் அளவான சூட்டுல பதப்படுத்தின எஃகு. அதுல டார்ச் பட்டா அந்த இடத்துல பதம் போயிடும். ஒண்ணு நாளாக நாளாக அமுங்கும், இல்லாட்டி ஒரு நாள் உடையும். எந்த நாள்னு சொல்லிட்டு உடையாது.

வெட்டுறதுல வேற பிரச்சினை. வேலை செய்யுற சுத்து 6 இருக்குன்னு வைங்க. ஒண்ணை வெட்டினா மிச்சம் 5. ஸ்பிரிங் 20 விழுக்காடு கடினமாகும். நல்லதுதானேன்னு தோணும். ஆனா இடத்தைப் பாருங்க. பள்ளத்துல விழும்போது சக்கரம் மேலே ஏற 8 சென்டிமீட்டர் இருந்துச்சுன்னு வச்சுக்குங்க. காடியை 5 சென்டிமீட்டர் இறக்கிட்டா மிச்சம் 3. கடினம் கூடினது ஐந்தில் ஒரு பங்கு, இடம் போனது பாதிக்கு மேல. அந்த மிச்சம் மூணும் நீங்க தனியா ஓட்டும்போதுதான். நாலு பேரை ஏத்தினா, ஆளுக்கு 70 கிலோ போட்டாலும் 280 கிலோ. அதுலயே காடி உட்கார்ந்திடும். அப்புறம் ஒவ்வொரு குழியிலும் அப்சோர்பர் நேரா ரப்பர்ல போய் இடிக்கும். சக்கரம் ரோட்டைப் பிடிக்காம எகிறும். மழையில வளைவுல அப்படி எகிறினா என்ன ஆகும்னு நான் விளக்க வேண்டியதில்ல.

இன்னொண்ணு. ஸ்பிரிங்கோட முனை அது உட்காருற இடத்துக்குத் தகுந்த மாதிரி செஞ்சிருப்பாங்க. வெட்டின முனை அதுல ஒழுங்கா பொருந்தாது. போங்கோல்ல ஏறி இறங்கும்போது சக்கரம் கீழே தொங்கினா, நீளம் குறைஞ்ச ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறலாம். "டக்கு டக்கு"ன்னு சத்தம் வர்றது பல நேரம் அதுதான்.

பூசைக்கு வர்ற உங்க அம்மாவும் தங்கச்சியும் பின் சீட்டுல உட்கார்றது இந்த ஸ்பிரிங் மேலதான். தைப்பூசத்துக்கு ராத்திரியில ஐந்து பேரா பத்துமலைக்கோ பினாங்குக்கோ போறதும் இது மேலதான். அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

சரி, கையில காசு கம்மி, ஆனா இறக்கணும். வரிசையா செய்யுங்க.

1. முதல்ல இருக்கிறதைச் சரி பண்ணுங்க. அப்சோர்பர்ல எண்ணெய் கசியுதா, மவுண்டிங் போயிடுச்சா, லோவர் ஆர்ம் புஷ் கிழிஞ்சிருக்கா, டயர் எப்படி இருக்கு. பழைய காடியில இதெல்லாம் போயிருக்கும். இதைச் சரி பண்ணினாலே காடி வேற மாதிரி ஓடும்.

2. அப்புறம் உங்க மாடலுக்குன்னே செஞ்ச லோவரிங் ஸ்பிரிங் செட், நாலும் சேர்த்து வாங்குங்க. முன்னால ரெண்டு மட்டும் மாத்துற வேலை வேண்டாம். சில நூறு வெள்ளி ஆகும். மாசம் நூறு எடுத்து வச்சா அரை வருசத்துல வந்திடும். பழைய சாமான் கடையில வாங்கினாலும் தப்பில்ல, ஆனா வெட்டினது, வெல்டிங் பண்ணினது, துரு தின்னது வேண்டாம்.

3. 3 சென்டிமீட்டர், மிஞ்சினா 4. அதுக்கு மேல பழைய அப்சோர்பர் தாங்காது.

4. உயரம் கூட்டிக் குறைக்கிற ஹை-லோ செட் மலிவா வருதுன்னு விழுந்திடாதீங்க. மலிவான செட்டுல அப்சோர்பர் சீக்கிரம் போகும். அதுக்கு ஒழுங்கா செலவு பண்ண முடியலைன்னா ஸ்பிரிங்கோட நில்லுங்க.

5. அலைன்மென்ட் காசையும் சேர்த்தே கணக்குப் போடுங்க. இறக்கினா சக்கரத்தோட சாய்வு மாறும், டயர் உள்பக்கம் மட்டும் தேயும். அலைன்மென்ட்டை மிச்சம் பிடிச்சுட்டு டயருக்கு அழுறதுல என்ன லாபம்? முன் விளக்கையும் சரி பார்க்கச் சொல்லுங்க.

6. முடிச்ச பிறகு நாலு பேரை ஏத்தி, ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க. எங்கேயாவது உரசினா அப்படியே பட்டறைக்குத் திரும்புங்க.

7. ஒரிஜினல் ஸ்பிரிங்கைத் தூக்கிப் போடாதீங்க. துணியில சுத்தி வையுங்க. விற்கும்போது உதவும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம் இருக்கு, வாகனக் கட்டமைப்பு பற்றி 1959-லேயே வந்த விதிகள் இருக்கு. காடியோட அமைப்பை மாத்தணும்னா ஜேபிஜேகிட்ட முதல்ல கேளுங்க. பெயர் மாற்றும்போது சோதனைக்குப் போனா அடியில பார்ப்பாங்க, அங்கே வெட்டின ஸ்பிரிங்கை மறைக்க முடியாது. இன்சூரன்ஸ்காரங்களுக்கும் சொல்லிடுங்க. சொல்லாம மாத்திட்டு விபத்துன்னு போய் நின்னா, பணம் கேட்கும்போது அவங்க கேள்வி கேட்பாங்க.

மறுபடியும் பெரியவங்களுக்கு ஒரு வார்த்தை. சத்தம் போடுற எக்ஸாஸ்ட், வளாகத்துல வேகம், இதுக்குக் கட்டுப்பாடு போடுங்க, நானே கேட்ல நிக்கிறேன். அது எல்லாக் காடிக்கும் பொருந்தணும், தலைவர் காடிக்கும்தான். உயரத்தை மட்டும் வச்சு ஆளை எடை போட வேண்டாம். பையன் வெட்டின ஸ்பிரிங்கோட ஓட்டுறான்னு தெரிஞ்சா குழுவில அவன் காடி போட்டோவைப் போட்டுச் சிரிக்காதீங்க. பக்கத்துல போய், "தம்பி, யாரு செஞ்சு குடுத்தது, எவ்வளவு ஆச்சு"ன்னு கேளுங்க. நம்ம பக்தர்கள்லேயே மெக்கானிக் இருக்காங்க, வெல்டர் இருக்காங்க, டயர் கடையில வேலை செய்யுறவங்க இருக்காங்க. பையன் பட்டறைக்குப் போறப்போ கூட ஒருத்தர் போனா, அங்கே அவனை ஏமாத்த யோசிப்பாங்க.

நிர்வாகக் கூட்டத்துல தடை பற்றிப் பேச்சு வந்தா நான் எதிர்த்துத்தான் பேசுவேன், இப்பவே சொல்லிடுறேன். தைப்பூசத்துக்கு முன்னாடி ரெண்டு வெள்ளிக்கிழமையும் பூசை முடிஞ்சு அன்னதானக் கூடத்துக்குப் பின்னால இருப்பேன். டார்ச் லைட் கொண்டு வர்றேன். காடியை நிறுத்துங்க, அடியில ஒரு தடவை பார்த்துச் சொல்றேன். திட்ட மாட்டேன். காசும் வேண்டாம்.

எல்லாரும் பத்திரமா போய், சாமி கும்பிட்டு, பத்திரமா வீடு திரும்பணும். முருகன் துணை.